எரிமலைத் தீவில் வெயில் எங்கிருந்து வருகிறது?

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியை ஒரு சுற்று சுற்றி முடித்ததும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது எரிமலை வெடிச்ச பள்ளமாமே, உண்மையா?" கேட்கிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மலைமேல் ஓர் ஏரி, சுற்றிலும் கரும்பாறை, இடையிடையே மேகம் என்று பார்க்கும்போது யாருக்கும் அப்படித் தோன்றக்கூடும். அந்தப் பேச்சு சற்று நீண்டால், எரிமலைத் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போய்வருவதைப் பற்றியும் அரைகுறையான கருத்துகள் வந்து விழுகின்றன. எரிமலையின் சூட்டினால்தான் அந்தத் தீவுகளில் எந்நேரமும் வெயில் அடிக்கிறது என்பார் ஒருவர். அங்கே போவது உயிரோடு விளையாடுவது என்பார் இன்னொருவர். தீவு என்றால் எந்த மூலையில் அறை எடுத்தாலும் ஒரே வெயில்தானே என்பார் மூன்றாமவர்.

இம்மூன்றும் தவறு. எரிமலைத் தீவின் வெயிலுக்கும் எரிமலையின் நெருப்புக்கும் தொடர்பே இல்லை. எரிமலையின் உயரத்துக்குத்தான் தொடர்பு உண்டு. கடல் நடுவே நிற்கும் அந்த மலை, வரும் காற்றைத் தடுத்து, மழையை ஒரு பக்கத்துக்கும் வெயிலை மறுபக்கத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பழனி மலைத்தொடரில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாகவே இராது. அன்றாடம் கண்ணால் காண்பதற்கு ஒரு பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ரீயூனியன் தீவை எடுத்துக்கொள்கிறேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்கு அருகில், பிரான்சு நாட்டின் ஆட்சிப் பகுதியாக உள்ள தீவு அது. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. காவடியும் தீமிதியும் போகவில்லை. நம் மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனியை நோக்கித் தைப்பூசத்தில் காவடிகள் நகரும் அதே காலத்தில் அந்தத் தீவிலும் காவடி எடுக்கிறார்கள். எனவே பழனி மலையிலிருந்து இந்தத் தீவைப் பற்றி எழுதுவது எனக்கு அயலான ஊரைப் பற்றி எழுதுவதாகப் படவில்லை.

முதலில், நம் மலை எரிமலை அல்ல

கொடைக்கானல் ஏரி, 1863ஆம் ஆண்டில் அன்றைய மதுரை ஆட்சியர் வீர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் கூடும் சதுப்பான பள்ளத்துக்குக் குறுக்கே கரை எழுப்பி உண்டாக்கிய செயற்கை ஏரி. எரிமலை வாய் வட்டமாக இருக்கும். நம் ஏரியோ விரிந்த விரல்களைப் போலப் பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஓடைகள் அரித்த பள்ளங்களில் நீரைத் தேக்கினால் அந்த வடிவம்தான் வரும்.

பாறையும் வேறு. பழனி மலை, நீலகிரி இரண்டிலும் பெருமளவில் காணப்படுவது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அது பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பக்குவப்பட்டது. நிலம் உயர்ந்து, மேலே மூடியிருந்தவை நெடுங்காலம் தேய்ந்து கரைந்த பிறகு அது வெளியே தெரிகிறது. எரிமலையோ இதற்கு நேர்மாறு. உள்ளே உருகியது வெளியே வந்து, அடுக்கடுக்காகக் கொட்டி, மேல்நோக்கி வளர்வது அது. நம் மலை தேய்ந்து நிற்பது. எரிமலை குவிந்து நிற்பது.

கடல் நடுவே ஒரு மலை எப்படி முளைக்கிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெரும் துண்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் துண்டுகளுக்கு நிலத்தட்டுகள் என்று பெயர். தட்டுகளுக்குக் கீழே, சில இடங்களில் மட்டும், ஆழத்திலிருந்து மிகுந்த சூடு ஓயாமல் மேலெழுகிறது. அப்படிப்பட்ட இடத்தை வெப்பப் புள்ளி என்கிறார்கள்.

அப்பளத்தை நேரடியாகத் தணலில் வாட்டுவதை நினைத்துப் பாருங்கள். அடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. கையிலுள்ள அப்பளத்தை மெல்ல நகர்த்துகிறோம். நெருப்பு பட்ட இடங்களிலெல்லாம் வரிசையாகக் கொப்புளங்கள் எழுகின்றன. முதலில் எழுந்த கொப்புளம் நெருப்பை விட்டு விலகி ஆறிப்போகிறது. இப்போது எழும் கொப்புளம்தான் சூடாக இருக்கிறது. வெப்பப் புள்ளியின் மேல் நிலத்தட்டு நகரும்போது கடலடியில் நடப்பதும் இதுவே. ஒவ்வொரு கொப்புளமும் ஓர் எரிமலை. கடல் மட்டத்துக்கு மேல் தலை காட்டினால் ஒரு தீவு.

ரீயூனியனை எழுப்பிய அதே வெப்பப் புள்ளியின் மேல்தான் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நாடு இருந்தது என்பதே பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து. அப்போது பொங்கிப் பரவிய குழம்பு இறுகியதுதான் மராட்டியத்தின் தக்காண மேட்டுநிலம். அஜந்தா, எல்லோரா குகைகள் அந்தப் பாறையில்தான் குடையப்பட்டன. பிறகு நிலத்தட்டு வடக்கே நகர நகர, இன்று லட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் பவளத் திட்டுகளைத் தாங்கி நிற்கும் கடலடி எரிமலை வரிசை உருவாயிற்று. அதற்கும் பின்னால் மொரீசியஸ், கடைசியாக ரீயூனியன். தமிழ்நாட்டு மலைகளில் எரிமலையைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எரிமலை நமக்கு அந்நியமன்று, ஆனால் அதன் தடம் கிடப்பது நம் மலையில் அல்ல.

இதிலிருந்து ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாலத்தீவில் அடியிலிருந்த எரிமலை தாழ்ந்து அமிழ்ந்துவிட்டது. அங்கே இயற்கை நிலம் கடலுக்கு மேல் மூன்று மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ரீயூனியனில் மலை இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான பிட்டோன் தெ நேஜ், 3,070 மீட்டர். இரண்டும் வெயில் காயும் தீவுகள்தான். ஆயினும் மலை உள்ள தீவில் மட்டுமே வெயிலையும் குளிரையும் மழையையும் நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும்.

ரசமும் களியும்: எந்த எரிமலையை நெருங்கலாம்?

அச்சத்தைப் பற்றிப் பேசாமல் விடுமுறையைப் பற்றிப் பேச முடியாது. எரிமலைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை அடுக்களையிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

ரசம் கொதிக்கும்போது குமிழிகள் எழுந்து தம்மால் உடைந்து போகின்றன, அடுப்பங்கரை அழுக்காவதில்லை. கேழ்வரகுக் களி கிண்டும்போது அப்படியில்லை. அடியிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் கெட்டியான மாவுக்குள் சிக்கி, பிறகு 'டப்' என்று தெறித்துக் கையைச் சுட்டுவிடுகிறது. இரண்டிலும் நெருப்பு ஒன்றே, நீர் ஒன்றே. வேறுபாடு கெட்டித்தன்மையில் இருக்கிறது.

பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக்கு மாக்மா என்றும், அது வெளியே வந்தபின் எரிமலைக் குழம்பு என்றும் பெயர். வெப்பப் புள்ளித் தீவுகளில் பெரும்பாலும் வருவது நீர்த்த குழம்பு. இறுகினால் பசால்ட் என்னும் கரும்பாறையாகிறது. அதில் உள்ள வாயு எளிதில் பிரிந்துவிடுவதால் குழம்பு பொங்கி வழிகிறது. பேரளவில் வெடிப்பது அரிது. கெட்டியான மாக்மா உள்ள எரிமலைகளில் வாயு அடைபட்டு வெடிக்கிறது. கரீபியக் கடலின் மொன்செராட் தீவில் 1995இல் விழித்துக்கொண்ட எரிமலை அப்படிப்பட்டது. அதன் தலைநகரான பிளிமத் சாம்பலில் புதைந்து கைவிடப்பட்டது. ஆகவே 'எரிமலைத் தீவு' என்ற ஒரே சொல்லைக் கொண்டு பயப்படுவதும் தவறு, பயமின்றிப் போவதும் தவறு.

ரீயூனியனின் விழித்திருக்கும் எரிமலை, தென்கிழக்கில் உள்ள பிட்டோன் த லா ஃபூர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி குழம்பு கக்கும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் அந்தக் குழம்பு பெரும்பாலும் குதிரை லாடம் போல மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர் நின்று, கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கும் ஆளில்லாப் பள்ளத்துக்குள்ளேயே ஓடுகிறது. விதிவிலக்குகளில் ஒன்று 1977இல் நேர்ந்தது. குழம்பு பள்ளத்துக்கு வெளியே கிளம்பி ஓர் ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. ஆனால் அங்கிருந்த தேவாலயத்தின் வாசலில் இரண்டாகப் பிரிந்து சுவரோரமாக ஓடி நின்றது. இறுகிய கருங்குழம்பு இன்றும் அந்தக் கோயிலை அணைத்தபடி கிடக்கிறது. அந்த நிகழ்வுக்குப் பிறகே அங்கு எரிமலைக் கண்காணிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. நிலம் மெல்ல உப்புவதையும் சிறு அதிர்வுகளையும் அளந்து, வெடிப்பு நெருங்கினால் அரசு பள்ளத்துக்குள் செல்லும் வழியை மூடிவிடுகிறது. மூடிய வழியைத் தாண்டிப் போகாதவர்களுக்கு, ஆபத்து மிகச் சிறிது.

சுருங்கச் சொன்னால், குழம்பு நீர்த்ததா கெட்டியா, ஓடும் வழியில் ஊர் இருக்கிறதா, கண்காணிப்பு இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டபிறகே ஓர் எரிமலைத் தீவைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

வெயிலுக்கு வருவோம்

எரிமலையின் சூட்டினால் தீவு வெயிலாக இருக்கிறது என்ற எண்ணத்தை ஓர் எளிய கணக்கு தீர்த்துவிடும். பூமியின் உள்ளிருந்து தரைக்கு வந்து சேரும் வெப்பம், உலகச் சராசரியாக, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உச்சி வேளையில் சூரியன் அதே சதுர மீட்டரில் கொட்டுவது ஏறத்தாழ 1,000 வாட். பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடக் கொடுக்காதவர், வீட்டுச் செலவைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்ல முடியாது. குழம்பு ஓடும் இடத்திலும் வெந்நீர் ஊற்றிலும் சூடு உண்டு. தீவின் தட்பவெப்பத்தை அது தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் தீர்மானிப்பது எது? காற்று மலை ஏறுவதும் இறங்குவதும்தான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சக்கரத்தின் வால்வைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று விரலில் குளிர்ச்சியாகப் படும். காற்றை அழுத்தினால் சூடாகும்; விரியவிட்டால் குளிரும். மலை ஏறும் காற்றுக்கு மேலே அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்கிக்கொள்ள முடியாது. இட்லிப் பானையின் மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்பதைப் போல, ஆவி நுண்ணிய துளிகளாகிறது. அதுவே மேகம், பிறகு மழை. மலையின் மறுபுறம் இறங்கும்போது கதை திரும்புகிறது. கீழே அழுத்தம் கூடுவதால் காற்று சூடாகிறது. மீதமிருந்த மேகமும் கரைந்து, வானம் வெளுக்கிறது. மழை விழும் பக்கத்துக்குக் காற்று முகப்பக்கம் என்றும், வறண்ட பக்கத்துக்கு மழை மறைவுப் பகுதி என்றும் பெயர்.

நம் மலையின் மேற்கு ஓரத்தில் இதைச் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனி, ஆடி மாதங்களில் மூணாறில் குடை மடக்க முடியாத மழை பெய்யும். அங்கிருந்து உடுமலைப்பேட்டைச் சாலையில் மறையூருக்கு இறங்கினால் மழை தூறலாகிறது. தேயிலைத் தோட்டம் முடிந்து சந்தன மரங்கள் தொடங்குகின்றன. இன்னும் இறங்கிச் சின்னாற்றுக்குப் போனால் முட்செடியும் கள்ளியும் வெயிலுமாக இருக்கிறது. ஒரே நாளில், ஒரே பருவக்காற்றில், ஒரே மலையின் இரண்டு முகங்கள் அவை.

ரீயூனியனில் இந்தப் பங்கீடு இன்னும் கடுமையானது. காரணம், அங்கு ஆண்டின் பெரும்பகுதி காற்று ஒரே திசையிலிருந்து வருகிறது. நிலநடுக்கோட்டை நோக்கி ஓயாமல் வீசும் இக்காற்றுகளுக்கு வியாபாரக் காற்று என்று பெயர். பாய்மரக் கப்பல்கள் இவற்றை நம்பியே ஓடின. ரீயூனியனுக்கு அது தென்கிழக்கிலிருந்து வந்து, கடல்மேல் நீராவியை நிறைத்துக்கொண்டு, மலையில் மோதுகிறது. கிழக்குச் சரிவின் மேட்டுப்பகுதிகளில் ஆண்டு மழை 10,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக் ஃபோக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஒரு நாள் மழைக்கான உலகச் சாதனை அது. கொடைக்கானலில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகமாக அங்கே ஒரே நாளில் பெய்துவிட்டது. தீவின் மேற்குக் கடற்கரையில், சான் ஜில் பகுதியின் மிக வறண்ட இடங்களில், ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஐம்பது, அறுபது கிலோமீட்டரும் ஒரு மலையும் இருக்கின்றன. காற்று முழுவதும் மலை ஏறுவதும் இல்லை. ஏற முடியாதது இரு கிளையாகப் பிரிந்து தீவைச் சுற்றிப் போய்விடுவதால் மேற்குக் கரை அமைதியாகவும் இருக்கிறது.

எனவே 'ரீயூனியனில் வெயில் அடிக்குமா?' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'எந்தப் பக்கம்?' என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

மேகத்துக்கு ஒரு மூடி

பக்கத்தைப் போலவே உயரமும் வெயிலைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, கொடைக்கானலில் மலை விளிம்பை ஒட்டிச் செல்லும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக் போதும்.

நல்ல நாளொன்றில் காலை ஏழு மணிக்கு அங்கே நின்றால், கீழே பெரியகுளத்துச் சமவெளி வரை தெளிவாகத் தெரியும். எட்டரை மணி வாக்கில் பள்ளத்தின் அடியில், ஒரு பாறை மடிப்பில், கையகலப் பஞ்சு போல ஒன்று தோன்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்ந்து வருவதில்லை. இருந்த இடத்திலேயே ஊறிப் பெருகுகிறது. பக்கத்து மடிப்பிலும் ஒன்று முளைக்கிறது, இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. பத்து மணிக்குள் அவை மேலேறி, கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே நுழைந்து, பக்கத்தில் நிற்பவரின் முகத்தை மறைத்துவிடுகின்றன. கம்பியில் கை வைத்தால் ஈரம். பதினோரு மணிக்கு வண்டியில் வந்து இறங்குகிற குடும்பம், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறது.

வெயில் ஏறச் சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலெழுவதால் வரும் மேகம் இது. பகலில் சரிவேறும் இந்தக் காற்றுக்குப் பள்ளத்தாக்குக் காற்று என்று பெயர். ஆனால் சில குளிர்காலக் காலைகளில் வேறொரு காட்சி கிடைக்கும். மேகம் ஓர் உயரத்தோடு நின்றுவிடும். கீழே பால் பரப்பியது போல அது கிடக்க, மேலே நாம் சுள்ளென்ற வெயிலில் நிற்போம். ஏன் அது மேலே ஏறவில்லை?

வழக்கமாக, மேலே போகப் போகக் காற்றின் வெப்பநிலை குறையும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி. வத்தலக்குண்டில் வியர்த்துக்கொண்டு பேருந்தில் ஏறியவர் பெருமாள்மலை வருவதற்குள் சன்னலை ஏற்றிவிடுவது இதனால்தான். சில வேளைகளில், சில உயரங்களில், இந்த வழக்கம் தலைகீழாகிறது: குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று ஓர் அடுக்காகப் படுத்திருக்கிறது. இதை வெப்பத் தலைகீழ்மாற்றம் என்பர். கீழிருந்து எழும் காற்று, தன்னைவிடச் சூடும் இலேசும் ஆன அந்த அடுக்கைத் துளைக்க முடியாமல், பானை மூடியில் முட்டிய ஆவி போலப் பக்கவாட்டில் பரவிவிடுகிறது.

நம் மலையில் இது சில நாட்களில் வந்துபோகும். வியாபாரக் காற்று வீசும் கடல்களிலோ இது ஆண்டின் பெரும்பகுதி நிலைத்து நிற்கிறது. நிலநடுக்கோட்டில் சூடாகி எழுந்த காற்று, அந்தப் பகுதிகளில் உயரத்திலிருந்து மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும் என்று சைக்கிள் பம்பில் பார்த்தோம். அந்தச் சூடான காற்றே மேகத்துக்கு மூடியாகிறது. ரீயூனியனில் இந்த மூடி பெரும்பாலும் 2,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது; அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்பெயினுக்கு உரிய டெனரிஃபே தீவில் இன்னும் தாழ்வாக. டெனரிஃபேயின் எரிமலையான தெய்தே 3,715 மீட்டர் உயரமுள்ளதால், அதன் தலை பெரும்பாலும் மேகக் கடலுக்கு மேலே, வெயிலில் நீந்துகிறது.

சூரியனை ஆராய்கிறவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைத்தபோது மலை உச்சியைத் தேடியதும், பிற்காலத்தில் தெய்தேயின் தோளில் சூரியத் தொலைநோக்கிகளை நிறுத்தியதும் ஒரே காரணத்துக்காக: தூசும் ஈரமும் நிறைந்த தாழ்வான காற்றுக்கு மேலே போக வேண்டும். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கொடைக்கானலிலிருந்துதான் கண்டறிந்தார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. நம் ஊரைப் பனிமூட்டத்தின் ஊர் என்று மட்டும் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

இதுவரை பார்த்தது இவ்வளவு. மலை, வரும் காற்றைத் தடுத்து மழையை ஒரு பக்கம் இறக்கிவிடுகிறது. மறுபக்கக் கடற்கரை வெயிலில் காய்கிறது. மேலே ஒரு மூடி இருப்பதால் மேகம் நடு உயரத்தில் தங்குகிறது. மூடியைத் தாண்டிய உச்சியிலும் வெயில். ஆக, எரிமலைத் தீவில் வெயில் இரண்டு இடங்களில் உண்டு: மறைவுப் பக்கத்தின் அடியிலும், மலையின் தலையிலும்.

சாம்பல், மணல், மண்

எரிமலைச் சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொள்கிறோம். அது எரிந்து மிஞ்சியதன்று. பொடிப்பொடியாகச் சிதறிய பாறையும் கண்ணாடித் துகளும்தான். விழுந்த உடனே வயலுக்கு உரமாகிவிடுவதும் இல்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, பாறை சிதைந்து மண்ணாவதற்குக் காலம் பிடிக்கும். அப்படிச் சிதைந்த பின், பயிருக்கு வேண்டிய தாதுக்கள் நிறைந்ததும் ஈரத்தைப் பிடித்துவைப்பதுமான மண் கிடைக்கிறது.

கருமணல் கடற்கரையும் இதே கதைதான். கொதிக்கும் குழம்பு கடலில் விழும்போது, காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் விரிசல் விடுவதைப் போல, நொறுங்கித் துகளாகிறது; நாட்பட்ட பசால்ட் பாறையை ஆறும் அலையும் அரைப்பதாலும் அது உண்டாகிறது. ரீயூனியனில் எத்தாங் சலே கடற்கரை கறுப்பு; சற்று வடக்கே பவளத் திட்டுக்குள் அடங்கிய எர்மிட்டாஜ் கடற்கரை வெள்ளை. கறுப்பு மணல் வெயிலை உறிஞ்சுவதால் நண்பகலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

அங்குள்ள மலைப்பள்ளங்களில் ஒன்றான சலாஸியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. எரிமலை சரிந்தும் மழை அரித்தும் உண்டான பெரும் கிண்ணம் போன்ற பள்ளம் அது; ஈரம் மிகுந்த அந்தச் சரிவுகளில் பந்தல் பந்தலாக விளைவது சௌசௌ. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் கம்பிப் பந்தலில் தொங்குகிற அதே காய்தான். அந்த ஊர்க்காரர்கள் அதை 'சூசூ' என்கிறார்கள். முருங்கைக் கீரை அங்கே 'ப்ரேத் மூரும்' ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லில் முருங்கை இன்னும் பச்சையாக இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கப்பலேறியவர்கள், ஊரின் காற்றும் மண்ணும் வேறானாலும், கீரைக் கொத்தை மறக்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ரீயூனியனின் வறண்ட காலம் ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை. நமக்கு ஆடி மழை அடிக்கும்போது அங்கே குளிர்காலம். கடற்கரை இதமாகவும் உச்சி மிகக் குளிராகவும் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வெப்பமும் மழையும் புயலும் கூடும். மேற்குக் கரையில் தங்கி, அங்கிருந்து மலைக்குப் போய்வருவதே என் கணிப்பில் சரியான ஏற்பாடு. கிழக்குக் கரையின் அருவிகளைப் பார்க்க ஒருநாள் ஒதுக்கினால் போதும், குடையோடு.

உயரத்தில் புறஊதாக் கதிர் கூடுதல். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் சுடுவது தெரியாது. கொடைக்கானலில் படகு ஓட்டிவிட்டு மாலையில் மூக்கு சிவந்து நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: சுறா தாக்குதல்களுக்குப் பிறகு, 2013 முதல், பவளத் திட்டுக்குள் அடங்கிய நீரிலும் காவலுள்ள பகுதிகளிலும் மட்டுமே குளிக்க அனுமதி. அதை மீறக்கூடாது.

மலையில் பார்க்க வேண்டிய இடம் மைதோ. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், மஃபாத் என்னும் பெரும்பள்ளத்தின் விளிம்பு அது. மஃபாத்துக்குச் சாலை கிடையாது. நெடுங்காலம் நடைபாதையை மட்டுமே நம்பியிருந்த நம் வெள்ளகவியைப் போல, கீழே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு நடந்துதான் போக வேண்டும். கடற்கரையில் அறை எடுத்தவர்கள் இருட்டிலேயே கிளம்பி, விடியும்போது மைதோவில் நிற்க வேண்டும். ஒரு கம்பளியும் ஃபிளாஸ்க்கில் காபியும் உடன் இருக்கட்டும். எட்டு மணி வாக்கில் பள்ளத்தின் ஏதோ ஒரு மடிப்பில் கையகலப் பஞ்சு முளைக்கும். அதைக் கண்டதும், கோக்கர்ஸ் வாக்கில் நின்று பழகியவர்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரிந்துவிடும்.